அக்கா கிளம்புவதற்குள் ஓர் ஆள்

மார்ச் 3, திங்கள்
இன்று பதினான்கு அழைப்புகள். எல்லாவற்றையும் அக்காதான் எடுத்தாள். நாங்கள் விற்பது முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் சின்னக் கருவி. மேசைமேல் வைக்கலாம், ஒரு தடவைக்கு இருபத்து நான்கு முட்டை. வடிவமைத்தவன் நான். வாங்கியவர்களுக்குப் பதில் சொல்பவள் அவள். ஏப்ரல் 7-ஆம் தேதி அவள் வேறு ஊரில் பரிசோதனைக்கூட வேலையில் சேர வேண்டும். எனக்காக இரண்டு வருடம் தள்ளிப்போட்ட வேலை. “ஃபோன் இப்படி அடிச்சிக்கிட்டே இருந்தா நான் எப்படிடா போவேன்?” என்கிறாள்.

தீர்வு எளிது. என் நாற்பது பக்கக் கையேட்டை எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுத ஒரு ஃப்ரீலான்சர். ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம்.

மார்ச் 6, வியாழன்
முதல் ஆள். கருவியைப் பார்த்ததும் ‘தாயின் கதகதப்பு’ என்று எழுதினார். உள்ளே எத்தனை டிகிரி என்று கேட்டேன். தெரியாதாம். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்
இரண்டாவது ஆள் நன்றாகத்தான் எழுதினார். ஆனால் ஓரிடத்தில் ‘இருபத்தொரு நாள்’, இன்னோரிடத்தில் ‘21 நாள்’. வேண்டாம். மூன்றாவது ஆள் ஆறு நிமிடம் தாமதம். வேண்டாம்.

மதிப்பெண் அட்டவணை ஒன்று போட்டிருக்கிறேன். யாரும் எழுபதைத் தாண்டவில்லை. அக்கா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். “உன்னைக் கட்டிக்கப் போறவகிட்ட இதைக் காட்டிடாத, ஓடிடுவா.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “நீ ஆள் தேடுறியா, குறை தேடுறியா?”

மார்ச் 11
ஆறு நிமிடம் ஒரு குற்றமா? தினமும் நானே பத்து நிமிடம் தாமதம்.

மார்ச் 13, வியாழன்
நான்காவது ஆள். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை எழுதுகிறவராம். மனதுக்குள் ‘மருந்துச்சீட்டு’ என்று பெயர் வைத்துவிட்டேன்.

“முதல் மூணு பக்கத்தை மாத்தி எழுதிக் காட்டுங்க. ஒரு மணி நேரம்” என்றேன். அவர் கையேட்டைத் தொடவில்லை. “இங்க ஃபோன் யாரு எடுக்கிறாங்க?” என்று கேட்டார். நேராகப் போய் அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மதியம் முழுக்க! இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் கடலை வேறு.

“சொன்னதைச் செய்யல. மார்க் பூஜ்யம்” என்றேன், முகத்துக்கு நேராகவே.

“போட்டுக்குங்க தம்பி” என்று ஒரு தாளை நீட்டினார். அவர் இருந்தபோது வந்த பதினோரு அழைப்புகளில் எட்டு ஒரே விஷயம். சூடேறும்போது விளக்கு சிமிட்டுகிறது. கருவி பழுது என்று பயந்து அணைத்துவிடுகிறார்கள். முட்டைகள் குளிர்ந்துபோகின்றன.

“அது பதினோராம் பக்கத்துல தெளிவா இருக்கு.”

“பயந்தவங்க பதினோராம் பக்கம் வரைக்கும் வர மாட்டாங்க. உங்களுக்குப் புதுக் கையேடு தேவையில்ல. விளக்கை மாத்துங்க.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 14
கோபம் தீரவில்லை. யாரு கேட்டா இவங்ககிட்ட? எழுதக் கூப்பிட்டா என் டிசைன்ல கை வைக்கிறாங்க — அக்காவிடம் கத்தினேன். அவள் கத்தவில்லை. “போன மாசம் ஒருத்தர் ஃபோன்லயே அழுதுட்டார்டா. இருபத்துநாலும் போச்சு. உன்கிட்ட சொன்னா ‘பதினோராம் பக்கம்’னு சொல்லுவ. அதான் சொல்லல.”



மார்ச் 17, திங்கள்
கருவியின் நிரலில் நான்கு வரி மாற்றினேன். இனிச் சூடேறும்போது விளக்கு நிலையாக எரியும். பிடித்தது இருபது நிமிடம். அதைச் செய்யாமல் அக்காவை இரண்டு வருடம் ஃபோனில் கட்டிப்போட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஆள் அமையாமல் போனது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அமைந்தால் அவள் போய்விடுவாளே.

மார்ச் 18
மருந்துச்சீட்டை அழைத்தேன்.

“அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க மேடம்.”

“மேடமெல்லாம் வேணாம். என் பூஜ்யம் என்னாச்சு?”

“அட்டவணையையே தூக்கிப் போட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. நாற்பது பக்கத்தை ஒரே பக்கமாக்க ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே விற்ற கருவிகளுக்கு ஒட்டுத்தாள் அனுப்பச் சொன்னார்: ‘விளக்கு சிமிட்டினால் சூடேறுகிறது. அணைக்காதீர்கள்.’ வாசகம் அக்கா ஃபோனில் சொல்வதேதான்.

ஏப்ரல் 2
மூன்றே அழைப்புகள். அதில் ஒன்று, பத்தொன்பது குஞ்சு பொரித்த சேதி சொல்ல.

ஏப்ரல் 5, சனி
அக்காவை ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்வரை திட்டு. “எடுத்ததும் ‘என்ன பிரச்சனை’னு குரைக்காத. ‘சொல்லுங்க’ன்னு ஆரம்பி. அதுக்கப்புறம் வாயை மூடு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது நான் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 9, புதன்
புது மாதிரியின் மூடி வந்துவிட்டது. பொத்தான்களுக்கு இன்னும் துளை போடவில்லை. வெள்ளிக்கிழமை மருந்துச்சீட்டு வந்து பார்க்கட்டும், பிறகு போடலாம்.

மதியம் அக்கா அழைத்தாள். புது வேலையில் ஒரு இயந்திரம், அதற்கு இருநூறு பக்கக் கையேடு, யாருக்கும் ஒரு மண்ணும் புரியவில்லையாம். “அந்த அம்மா நம்பரைக் குடுடா.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் அவங்க நம்ம ஆளு. அப்புறம் எடுத்துக்க.”

“நம்ம ஆளா!” என்று ஆரம்பித்தவள், சாப்பாட்டு நேரம் முடியும்வரை ஓயவில்லை. நான் “சொல்லு” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.