அனிஷுக்குக் கையுறை மாட்டிவிட்ட அன்று

பனிமய மாதா காவல்

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்புப் பேரன் கிளைட்டனுக்கு,

உன் ஆச்சி பேபி ஆசீர்வாதம் கூறி எழுதுவது. கோவாவில் மழை விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே காற்று இன்னும் ஓயவில்லை. மாடியில் காயப்போட்ட நெத்திலியெல்லாம் ஒரே மண்.

முதலில் என் பேரப்பிள்ளைகளைப் பற்றிய நல்ல சேதிகள். ஜெமிமா நர்சிங்கில் முதல் வகுப்பு. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தலையில் வெள்ளைத் தொப்பி இல்லை, இப்போது யாரும் போடுவதில்லையாம், எனக்கு அது ஒன்றுதான் குறை. வளன் கப்பல் படிப்பில் தேறி, தோள்பட்டையில் கோடு வைத்த சட்டையோடு சிங்கப்பூரில் கப்பல் ஏறிவிட்டான். விஜிலா அத்தையின் சின்னவள் கேரம் போட்டியில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து கப் வாங்கினாள். அந்தக் கப்பை டி.வி. மேல் வைத்து ஜன்னலைத் திறந்து போட்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு அல்போன்சாவுக்கும் தெரியும். கடைசியாக நீ, கோவாவில் பெரிய டீமில் கோல்கீப்பர். இதை நான் மீன் வாங்கும்போதும் சொல்வேன், மாத்திரை வாங்கும்போதும் சொல்வேன்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை நம்முடைய சலாபம் கால்பந்து டீமுக்கு இந்த வருஷத்தின் முதல் மேட்ச். அதற்கு இரண்டு நாள் முன்னால் டீம் முதலாளி பொன்னுதுரை அண்ணாச்சி கார் போட்டு வீட்டுக்கு வந்தார். அல்போன்சாவின் பேரன் அனிஷ்தான் இனி கீப்பர், அவனுக்குக் கையுறை மாட்டிவிட நான் வரவேண்டும் என்றார். நீ திரும்பி வரும்வரை அவன் சும்மா காவலுக்கு நிற்கிறான் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நம் கையால் மாட்டிவிட்டால் இடத்தை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா?

அந்த இடம் எப்படி வந்த இடம்? உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதினால் எனக்கு ஆறும். காற்றுக் காலத்தில் தோணி ஓடாது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள் கரையில் சும்மா கிடப்பார்கள். அப்படிக் கிடந்தவர்கள் சேர்ந்து கட்டியதுதான் இந்த டீம். ஒடிந்த பாய்மரம்தான் கோல்கம்பம். உன் தாத்தா பாஸ்கல் முதல் கீப்பர். கிழிந்த தோணிப்பாயில் நான் தைத்துக் கொடுத்த கையுறையோடு நின்றார். அல்போன்சாவின் வீட்டுக்காரர் என்ன செய்தார்? சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டார். அதுவும் ஒருநாளும் நேராக இருந்ததில்லை.

தாத்தாவுக்குப் பிறகு உன் அப்பா நின்றான். உன் அப்பா காலத்தில்தான் பொன்னுதுரை அண்ணாச்சி உப்பில் சம்பாதித்ததைக் கொட்டி, சம்பளத்துக்கு ஆள் எடுத்து, லைட் போட்டு, டிக்கெட் அடித்து, சலாபம் எஃப்.சி. என்று பெயரையும் மாற்றினார். இப்போது நைஜீரியாக்காரன் ஒருவன் முன்வரிசையில் ஆடுகிறான். நம்மூர்ச் சாளைமீன் புளிக்குழம்பு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காதாம். இவ்வளவு மாறியும் கீப்பர் இடம் மட்டும் நம் வீட்டை விட்டுப் போகவில்லை. புதுக் கீப்பர் முதல்தரம் இறங்கும்போது பழைய கீப்பர் கையுறை மாட்டிவிடும் வழக்கமும் மாறவில்லை. தாத்தா உன் அப்பாவுக்கு மாட்டினார், அப்பா உனக்கு மாட்டினான். இப்போது நீ கோவாவில், உன் அப்பா கப்பலில். தாத்தா கல்லறையில்.

உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லப் பார்த்தேன். அண்ணாச்சி விவரமான ஆள். "சரி ஆச்சி, நீங்க வீட்ல படுத்துக்கிடுங்க, அல்போன்சா ஆச்சியவே மாட்டச் சொல்லிருதோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். திருவிழாவுக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

மைக்கில் ஒரு பையன் டீமின் சரித்திரத்தை வாசித்தான். பாஸ்கல், அவர் மகன், அவர் பேரன் கிளைட்டன் என்று சொல்லும்வரை என்னால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. "இப்போது அனிஷ்" என்றான். அதற்குத்தான் அன்றைக்கு எல்லாவற்றிலும் பெரிய கைதட்டல். அனிஷ் வந்து என் முன்னால் முழங்காலிட்டுக் கையை நீட்டினான். உன்னைவிட உயரம் இல்லை, அதைக் கவனித்துவிட்டேன். விரல்கள் மட்டும் நீளம். கையுறையை மாட்டி, வலிக்கட்டும் என்று அதன் வாரை இறுக்கி இழுத்தேன். அவன் முகம் சுளிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டான்:

"ஆச்சி, கிளைட்டன் அண்ணனுக்குக் கால்முட்டு எப்படி இருக்கு? கம்பு இல்லாம நாலு எட்டு வச்சேன்னு நேத்து போன்ல சொன்னாவ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தனை லைட்டும் அணைந்த மாதிரி இருந்தது. ஆனால் நான் யார்? "எல்லாம் எனக்குத் தெரியும்லே, நீ போய்ப் பந்தப் பாரு" என்று சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன்.

மேட்ச் ஓடியது. யார் யாரோ ஓடினார்கள். கடைசியில் எதிராளிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அனிஷ் இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். மைதானமே எழுந்து நின்றது. நான் கைதட்டியதாக யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. பட்டுச்சேலையில் பூச்சி உட்கார்ந்தது, அதைத் தட்டினேன்.

திரும்பும்போது அல்போன்சாவும் நானும் ஒரே ஆட்டோ. பேரனைப் பற்றிப் பெருமை அடித்தால் பதில் கொடுக்கலாம் என்று இருந்தேன். அவளோ தெருமுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"ஏளா பேபி, அந்தப் பய உங்கிட்ட உளறிட்டான்னு சொன்னான். ஆப்பரேசன் முடிஞ்சு ஒரு மாசம் ஆவுது. ஒனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டேன்னு கிளைட்டன் அவங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். நான் என்ன செய்ய? அன்னைக்கே கோவிலுக்குப் போயி அவம் பேருக்கு மெழுகுவத்தி வச்சேன்."

கேட்டாயா கிளைட்டன்? என் பேரனுக்காக மாதா முன்னால் முதல் மெழுகுவர்த்தி வைத்தவள் அல்போன்சா. நான் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தேன்? நீ கோவாவில் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறாய் என்று மீன்காரியிடம் அளந்துகொண்டிருந்திருப்பேன். அவளும் எதிர்வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். அவள் பேரன் கோல்கம்பத்தில் நிற்பதைப் பொறுத்துக்கொண்டாலும் பொறுத்துக்கொள்வேன். உன் வலி என் வீட்டுக்கு வராமல் அவள் வீட்டுக்குப் போனதை எப்படிப் பொறுப்பேன்?

தாங்கமாட்டேன் என்று யார் சொன்னது? தாத்தாவுக்கு இரண்டு விலா உடைந்தபோது கட்டுப் போட்டுவிட்டவள் நான். டீமில் உனக்கு இடம் வைத்திருக்கிறார்களா, மே மாதத்தோடு அனுப்பிவிடுவார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. இங்கே வந்துவிடு என்றும் சொல்லமாட்டேன். உன் கட்டிலில் புது மெத்தை போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அனிஷ் அந்த இடத்தில் நிற்கட்டும். கொஞ்ச நாளைக்கு. பையன் மோசமில்லை. இதை அல்போன்சாவிடம் சொல்லிவிடாதே.

நானும் மெழுகுவர்த்தி வைத்துவிட்டேன், அவள் வைத்ததைவிடப் பெரிது. பனிமய மாதா உன் காலைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு. டாக்டர் சொல்வதற்கு முன்னால் ஓடாதே.

ஒன்று மட்டும் செய். புதுசாக ஒரு போட்டோ எடுத்து, அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, போனில் வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. முகத்தை மட்டும் எடுத்து அனுப்பி என்னை ஏமாற்றாதே. அரைக்கால் சட்டை போட்டு, தலையிலிருந்து பாதம் வரை, நின்றபடி எடு. கம்பு ஊன்றி நின்றாலும் சரிதான். ஆனால் எனக்கு முதலில் வரவேண்டும் மக்கா. அல்போன்சாவுக்கு நான் காட்டிக்கொள்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
ஆச்சி பேபி