மெத்தைக்கு அடியில் காலிக் குழாய்

அன்புள்ள அம்மா,

இதை யாரிடமும் காட்டாதே, லோரெட்டா சித்தியிடம்கூட. உன் முதுகுவலி குறைந்ததா? நாங்கள் நலம். மழையால் கிழங்கு அறுவடை நின்றுவிட்டது.

எங்கள் டிரெய்லர் வீட்டின் கூரை மறுபடி ஒழுகுகிறது. அப்பா மூன்று முறை பசை பூசியும் நிற்கவில்லை. "இது கூரையா, சல்லடையா?" என்று கத்துகிறார். "டாரல், வெளிய மழ விட்டுருச்சு, உன் வீட்ல எப்பப்பா விடும்?" என்று பக்கத்து டிரெய்லர் வெர்னன் மாமா சிரிக்கிறார்.

தப்பு என்னுடையது, அம்மா. அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, கூரைப் பசைக்குப் பதில் குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிக்கோன் பசையை வாங்கி, அவருக்கு முன்பே நானே பூசிவிட்டேன். அதைச் சுரண்டாமல் மேலே எதுவும் ஒட்டாதாம். பாவம், மட்டமான பசையைக் கொடுத்துவிட்டதாக அப்பா கடைக்காரரைத் திட்டுகிறார். காய்ந்த படுக்கையை எனக்குத் தந்துவிட்டு ஈரத்தில் படுக்கிறார். அந்தச் சிலிக்கோன் இருந்த காலிக் குழாயை என் மெத்தைக்கு அடியில் ஒளித்திருக்கிறேன்.

அப்பாவிடம் நீயே போனில் சொல்லிவிடேன். என் மழைக்கோட்டையும் அனுப்பு. குளியலறைக்குள் ஒளிந்துதான் எழுதுகிறேன்.

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"ஜோலீன், உன் மெத்தையும் நனைஞ்சிருச்சும்மா. தூக்கி நிறுத்திட்டேன். கொஞ்சம் வெளிய வா."