மார்வாவுக்கு மில்வாக்கியில் எங்கே சாப்பாடு

மார்ச் 11, 2019, திங்கள்

வாசல் பனியைத் தள்ளி முடிப்பதற்குள் மறுபடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஊர்த் தண்ணீர்க் குழாய்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றாயிற்று. இனி பனியோடும் மல்லுக்கட்ட என்னால் ஆகாது.

மார்வா போன் செய்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறாராம், ஞாயிறு வரை.

போன அக்டோபரில் மரங்கள் நிறம் மாறுவதைப் பார்க்க ஒரு பஸ் சுற்றுலா போனேன். கழிப்பறையை ஒட்டிய இரண்டு இருக்கைகள்தான் காலி. ஒன்றில் அவர், ஒன்றில் நான். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவோம். சிநேகிதம் இப்படியும் வரும். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் போன். ஒமாஹாக்காரர், கணக்கு டீச்சராக இருந்தவர், கணவர் இல்லை. வீட்டை விற்கப் போகிறார். ஃபீனிக்ஸில் இருக்கும் மகன் அங்கேயே வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறான்.

“எங்க போய் இருக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. உங்க ஊரையும் ஒருதடவ பாத்துடறேனே. சாப்பாடு உங்க பொறுப்பு. ஒரு ஊரை நான் சாப்பிட்டுத்தான் எடை போடுவேன்” என்றார்.

சரி சரி என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி போனை வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. பெண்கள் யாரையும் வெளியே சாப்பிடக் கூட்டிப் போய் எத்தனை காலம் ஆயிற்று. என் மனைவி டோலரஸ் இருந்தவரை இந்தக் கேள்வியே வந்ததில்லை. அவள் எங்கே உட்கார்ந்தாளோ அங்கே சாப்பிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருந்தேன். மத்தியானத்துக்குள் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன்.

ஜானின் என் மகள்தானா என்று சில சமயம் சந்தேகம் வருகிறது. ஆற்றோரம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு உணவகத்தில் வியாழக்கிழமைக்கு உடனே இடம் பிடித்துவிட்டாள். தட்டெல்லாம் சின்னச் சின்னதாக வருமாம், பகிர்ந்து சாப்பிட வேண்டுமாம். பெரிய தட்டாக வாங்கித் தனித்தனியாகச் சாப்பிட்டால் என்ன என்று கேட்டேன். “அப்பா, அவங்க உங்களை மட்டும் பாக்க வரல, ஊரையும் பாக்க வர்றாங்க. மானத்தை வாங்காதீங்க” என்றாள்.

லெஸ்டர் தவக்கால வெள்ளிதோறும் என்னோடு கோயில் விருந்துக்கு மீன் பொரிப்பவன், பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அவன் ஒரு விநாடி யோசிக்கவில்லை. கஸ்டர்ட் ஐஸ்கிரீம், வெண்ணெய் சொட்டும் பர்கர், ஞாயிறு பூசை முடிந்ததும் ரொட்டிக் கடையில் சுடச்சுடப் பன்றித் தொடைக் கறியும் பன்னும். வெள்ளிக்கிழமை என்று வந்தபோது என்னை விசித்திரமாகப் பார்த்தான். கறி ஆகாத தவக்காலத்து வெள்ளியில் மீனைத் தவிர வேறென்ன? மீன் என்றால் எங்கள் ஒடிலியா கோயில் அடித்தள மண்டபத்தைத் தவிர வேறெங்கே?

அங்கேதான் சிக்கல்.

மார்ச் 13, புதன்

யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் டோலரஸைத் தெரியும். கேக் மேசை அவள் ஆட்சி. இப்போது அது அவள் தங்கை பெர்னடின் கையில். அந்த மண்டபத்துக்குள் மார்வாவோடு நான் படியிறங்கினால், கல்யாணப் பத்திரிகை அடித்து வீடு வீடாகக் கொடுத்த மாதிரி. கிழவிகள் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். பெர்னடின் என்ன செய்வாள்? அழுவாளோ, கேக்கைத் தூக்கி எறிவாளோ? எனக்கே இன்னும் ஒன்றும் புரியாதபோது ஊருக்கு எதற்கு விளக்கம்?

சரி, உணவு விடுதி எதற்காவது போகலாமா? எதற்குப் போனாலும் ஒடிலியாக்காரன் ஒருவன் பாரில் உட்கார்ந்திருப்பான்.

எங்கள் ஆள் ஒருத்தன்கூடக் கால் வைக்காத இடம் ஒன்றுதான் இருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

லாம்பர்ட் கோயில். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மீன் பொரிப்பதில் எங்களுக்குப் பரம வைரி. கடவுள் மன்னிப்பார்.

மார்ச் 15, வெள்ளி

மண்டபத்தில் இன்று நல்ல கூட்டம். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடியே, அடுத்த வாரம் வரமாட்டேன், முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று லெஸ்டரிடம் சொன்னேன். அடுத்த வார வலி இந்த வாரமே எப்படித் தெரியும் என்று கேட்டான். டாக்டர் சொன்னார் என்றேன். அவன் மீனைப் பார்த்துச் சிரித்தான். மார்வா வருவது அவனுக்குத் தெரியும், நான் ஒளிவது தெரியாது. ஏரிக்கரையோரம் மெழுகுவத்தி ஏற்றிச் சாப்பிடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல.

பெர்னடினுக்கு முதுகுவலிச் செய்தி போய்விட்டது. ஒத்தடப் பையும் தைலமும் கொண்டுவந்து கையில் திணித்தாள். “குனியாதீங்க அத்தான். ஷூ லேஸ் கட்டணும்னா என்னைக் கூப்பிடுங்க.” இவளிடம் பொய் சொல்வது ஞானஸ்நானத் தொட்டியில் துப்புவது போல. ஆனாலும் சொன்னேன்.

மார்ச் 21, வியாழன்

வந்துவிட்டார். ஒமாஹாவிலிருந்து தனியாகவே கார் ஓட்டிக்கொண்டு. நீலக் கோட்டு. நான் நினைவில் வைத்திருந்ததைவிட உயரம்.

ஆற்றோர உணவகம். பரிமாற வந்தவர் ஒவ்வொரு தட்டுக்கும் பிரசங்கம் வைத்தார். ஒன்றில் ஒரே ஒரு காரட், அதுவும் வேண்டுமென்றே கருக்கியது. ஜானின் சொன்னபடி பகிர்ந்து சாப்பிட்டோம். ஒரு காரட்டை எப்படிப் பகிர்வது? கணக்கு டீச்சர் கத்தியால் சரிபாதி ஆக்கினார். “எங்க வீட்ல இப்படிக் கருகினா நாய்க்குப் போடுவோம்” என்றார், குரலைத் தாழ்த்தி. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்ததும் பசி. நேரே கஸ்டர்ட் கடைக்கு ஓட்டினேன். காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, பனியைப் பார்த்தபடி ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அவருக்கு இது ரொம்பப் பிடித்தது. எனக்கும். இந்த மாதிரி சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாயிற்று. எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

நாசமாய்ப் போச்சு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்.

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு லாம்பர்ட் மண்டபத்தில் மூலை மேசை பிடித்தேன். மீன் வந்தது. உறைந்த காட் மீன், மேலே கம்பளிப் போர்வை மாதிரி மாவு. மீனோடு வர வேண்டிய உருளைக்கிழங்கு அடை இல்லை. குச்சி வறுவல்! தவக்காலத்தில்! வாயை மூடிக்கொண்டு தின்றேன். மார்வா நல்லா இருக்கு என்றார், பாவம், வேறே தெரியாது.

அங்கே இறைச்சிக் குலுக்கல் வைக்கிறார்கள். சாப்பிடக் கூடாத நாளில் இறைச்சிப் பரிசு. அது லாம்பர்ட்காரன் புத்தி. நான் காபி எடுக்கப் போன நேரத்தில் மார்வா ஒரு சீட்டு வாங்கி, எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று என் பெயரில் போட்டுவிட்டார். எந்தக் கோயில் பங்கு என்று சீட்டில் கேட்டிருக்கிறது. போனில் நான் நூறு தடவை பெருமையடித்ததுதானே, ஒடிலியா என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார்.

மைக்கில் கூப்பிட்டார்கள். “நார்பர்ட் காஜெவ்ஸ்கி! ஒடிலியா பங்கு!” தொப்பியை இன்னும் கீழே இழுத்தேன். அப்புறம் மைக் பிடித்தவர் — முப்பது வருஷமாக எங்கள் மீனைப் பழிக்கிற ஆள் — வாய் காதுவரை போக, “ஒடிலியாவுல மீன் பொரிக்கிறவரே இங்க வந்துதான் சாப்பிடறாருன்னா பாத்துக்குங்களேன்” என்றார். கைதட்டல். பன்றித் தொடையை என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். மார்வா பெருமையாகப் பக்கத்தில் நின்றார்.

காரில்தான் கேட்டார். உங்கள் கோயிலிலும் மீன் உண்டு என்று மாசக்கணக்காகச் சொன்னீர்களே, பிறகு எதற்கு இங்கே? நான் ஏதோ உளறினேன். பெர்னடின், கிழவிகள், முட்கரண்டி. டீச்சரிடம் பொய்க் கணக்கு செல்லாது.

“என்னை ஒளிச்சு வச்சீங்களா?” என்றார்.

அப்படி இல்லை என்றேன். அப்படித்தான்.

“நேத்து உங்க பொண்ணு சாப்பிடற இடம். இன்னிக்கு உங்களுக்கு ஆகாதவங்க சாப்பிடற இடம். நீங்க சாப்பிடற இடம் எதுவும் எனக்குக் கிடையாது. அப்ப நான் எந்த ஊருக்கு வந்திருக்கேன் நார்பர்ட்?”

ஓட்டல் வாசலில் இறங்கிப் போய்விட்டார். பன்றித் தொடை பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

மார்ச் 23, சனி

போட்டோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. காலையிலேயே லெஸ்டர். “முதுகு எப்படிடா இருக்கு? தொடையைத் தூக்குற அளவுக்குத் தேறிடுச்சு போல” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். பங்குச் சாமியாரும் பேசினார். மென்மையாகத்தான் பேசினார். லாம்பர்ட்காரர்கள் மீன் மாவில் பீர் ஊற்றுகிறார்களா என்று கேட்டார்.

இதில் ஒன்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் போட்டோவில் என் தோளை ஒட்டி நீலக் கோட்டுப் பெண்மணி நிற்கிறார். ஒருத்தரும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை.

மத்தியானம் பெர்னடின் வந்தாள். தைலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். நான் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“யாரோடயோ சாப்பிடப் போனீங்க, சந்தோஷம். அக்கா போனதுலேருந்து நீங்க தனியா சூப் டப்பா திறக்கிறீங்களேன்னு நான்தான் நவநாள் ஜெபமே வச்சேன். ஆனா விருந்தாளியை வச்சுக்கிட்டு லாம்பர்ட்டா அத்தான்? அந்த உறைஞ்ச மீனையா அவங்களுக்குக் குடுத்தீங்க? நம்ம வீட்ல சோத்துக்குப் பஞ்சம்னு நினைச்சிருக்க மாட்டாங்களா?”

இத்தனை நாள் எதற்குப் பயந்தேன்? பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயந்திருக்கிறேன்.

மார்வா போனை எடுக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

சூடான கறியும் பன்னும் வாங்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போனேன். விடியும் முன்பே கிளம்பிவிட்டாராம். பார்க்கிங்கில் உட்கார்ந்து நானே தின்றேன்.

மார்ச் 26, செவ்வாய்

போன் இல்லை.

மார்ச் 29, வெள்ளி

எண்ணெய்ச் சட்டி வேலையிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் வழிகாட்டும் வேலை. ஆரஞ்சுச் சட்டை, கையில் விளக்குத் தடி. உள்ளே போகும் ஒவ்வொருவரும் கார்க் கண்ணாடியை இறக்கி, லாம்பர்ட்டுக்கு எப்படிப் போகணும் என்று கேட்டார்கள். ஒருவர்கூட விடவில்லை. நான்கூட ஒரு கட்டத்தில் வழி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

இன்று போனை எடுத்தார்.

முன்கூட்டியே பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோயிற்று. நான் கோழை என்றேன். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன், ஊர் ஒன்றும் சொல்லவில்லை, மாவைப் பற்றித்தான் கேட்டது என்றேன். உங்களை மறுபடி பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, அதுவும் எங்கள் மண்டபத்தில், எல்லோர் முன்னாலும் என்றேன். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதிதான் இந்த வருஷத்தின் கடைசி மீன் விருந்து. ஆனால் என்னால் உங்களோடு உட்கார முடியாது, வேலையில் இருப்பேன், நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும், பெர்னடினோடு சாப்பிட வேண்டும்.

வீட்டுக்கு விலை பேசி முடிந்தது, மகன் ஃபீனிக்ஸில் ஒரு அபார்ட்மென்ட் பார்த்து வைத்திருக்கிறான் என்றார். அப்புறம், “இப்படி ஒரு அழைப்பை இதுவரைக்கும் யாரும் எனக்கு வச்சதில்ல” என்றார். வருவேன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

மறுபடி பார்க்கிங். மழை.

ஏப்ரல் 12, வெள்ளி

கூட்டம் தாங்காமல் என்னைத் திரும்பச் சட்டிக்கே அழைத்துவிட்டார்கள். மன்னிப்பு என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே, ஆள் இல்லை, அவ்வளவுதான் என்றான் லெஸ்டர்.

பரிமாறும் ஜன்னல் வழியே படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பொரித்தேன். வரவில்லை. வரவில்லை. வரமாட்டார் என்று முடிவு கட்டி மாவில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தால், வரிசையில் நீலக் கோட்டு. பெர்னடின் கேக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேரே அவரிடம் போனாள். ஓடிப் போகலாம் என்றால் எண்ணெயில் மீன். பெர்னடின் அவர் கையைப் பிடித்து வரிசையிலிருந்து பிரித்து, தன் மேசையில் உட்கார வைத்தாள். கிழவிகள் முட்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

நல்ல பெர்ச் மீனாகப் பொறுக்கி, ஓரம் மொறுமொறுவென்று அடை சுட்டு, ஆப்பிள் கூழ் தாராளமாக வைத்து அனுப்பினேன். ஒரு தட்டுக்கு இவ்வளவு நேரமா என்று லெஸ்டர் முறைத்தான். ஜன்னலிலிருந்து பார்த்தேன். மார்வா என் பக்கம் திரும்பவே இல்லை. தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்.

மண்டபம் கொஞ்சம் காலியானதும் பெர்னடின் ஜன்னலுக்கு வந்தாள்.

“அத்தான், அடுத்த தவக்காலத்துக்குக் கேக் மேசையில அவங்க பேரைப் போட்டுட்டேன். நம்ம சபை இல்ல, லூத்தரன்தான், பரவாயில்ல, அவங்க கேக் நல்லாப் பண்ணுவாங்க.”

அதற்குள் அவர் ஃபீனிக்ஸ் போயிருப்பாரே என்றேன்.

“அதைத்தான் நானும் கேட்டேன். அங்க தவக்காலத்துக்கே வெயில் கொளுத்துமாமே, அங்க போய் எவ அடுப்பு பத்த வைப்பான்னாங்க.”

ஒரு சட்டி மீனையே கருக்கிவிட்டேன். லெஸ்டர் திட்டினான். திட்டட்டும்.