பதினேழரைச் சுற்று

தலைமை அலுவலகத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் மருமகன் இன்ஜினியருக்கு, தாய்மாமன் எழுதுவது. இங்கே உன் அம்மா நலம். நானும் நலம். உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் இப்போது நான் இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. நம் தெரு தாழ்வாக இருப்பதால் வால்வை முழுதாகத் திறந்தால் தண்ணீரெல்லாம் இங்கேயே இறங்கிவிடுகிறதாம். மேட்டு அடுக்குமாடிகளுக்கு அழுத்தம் போதவில்லையாம். ஆகவே நம் வால்வை நாலு சுற்று மட்டும் திறக்க உத்தரவு போட்டாயாம். தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்பது மாட்டுக்கும் தெரியும். அதை மேட்டுக்குத் திருப்பத்தான் உனக்குப் பதினாறு வருடப் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பை மூன்று வருடம் ஆழமாகப் படித்த நான், முப்பது வருடம் இந்த ஊருக்கே வால்வு திறந்தேன். மந்திரி வீட்டில்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் குளிப்பார்கள். ஆனால் ஒரு தெருவின் வாயை அடைத்து இன்னொரு தெருவை ஒருநாளும் நான் குளிப்பாட்டியதில்லை.

நாலு சுற்றில் என்ன வருகிறது தெரியுமா? முதலில் காற்று, பிறகு துரு, பிறகு அரை மணி நேரம் நூல் மாதிரித் தண்ணீர். மேலே புல்தரைக்குக் குழாய் போட்டுப் பீய்ச்சுகிறார்கள்.

இதில் நீ காட்டிய கெட்டிக்காரத்தனம், அலுவலகத் தண்ணீர் லாரியை உன் அம்மா வாசலுக்கு மட்டும் அனுப்பியது. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. ஐந்நூறு பேர். சரி, ஐம்பது என்றே வைத்துக்கொள். எதிர்வீட்டுத் தையல்காரி, "இன்ஜினியரப் பெத்த மகராசி, நல்லா முழுகுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் காலி வாளியோடு உள்ளே போனாள். உன் அம்மா டிரைவரிடம், "தெருவுக்கெல்லாம்னா நிறுத்து, எனக்கு மட்டும்னா எடுத்துட்டுப் போப்பா" என்றாள். தனக்கு அப்படி உத்தரவில்லை என்று அவன் வண்டியைத் திருப்பிவிட்டான். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் வாசல் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் கட்டிலுக்கடியிலிருந்த என் பழைய வால்வு சாவியை எடுத்தேன். நாலு பேர் தூக்கும் இரும்பை ஒற்றைக் கையில் தூக்கிப்போய் நம் வால்வைத் திறந்துவிட்டேன். தெரு முழுக்கக் குழாய்கள் சீறின. மேட்டில் அந்த ஒரு காலை மட்டும் குழாய் வற்றியது. நாங்கள் ஏழு மாதமாக எழுதிய மனுக்களுக்கு ஒரு பதில் கிடையாது. அவர்களுக்கு ஒரு காலை வற்றியதற்கு ஜீப்பே வந்துவிட்டது.

ஜீப்பில் வந்தவர்கள் என்னைப் பிடிக்கவில்லை. இப்போது வால்வு திறக்கும் ஒல்லியைப் பிடித்தார்கள். லஞ்சம் வாங்கிக்கொண்டு திறந்தான் என்று வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. வெள்ளிக்கிழமை உன் கையெழுத்து விழுந்தால் வேலையே போய்விடும். அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம்.

அலுவலகத்துக்குப் போய், திறந்தவன் நான்தான் என்றேன். குமாஸ்தா சிரித்தார். "போன வருஷம் அணையே நான்தான் கட்டினேன்னு சொன்னீங்க, உக்காருங்க பெரியவரே, டீ சாப்பிடுங்க" என்றார். அணை விஷயம் வேறு. அங்கே மேஸ்திரிக்கு நான் சில யோசனைகள் சொன்னது உண்மை.

ஆகவே நீ ஒன்று செய். உன் ஆட்கள் எழுதிய அறிக்கையை எடுத்துப் பார். மறுபடி நாலு சுற்று வைப்பதற்கு முன் வால்வை முழுதாக மூடிச் சுற்றுகளை எண்ணியிருப்பார்கள். பதினேழரை என்று இருக்கும். முழுத் திறப்பு பதினெட்டு. கடைசிவரை திறந்து, அரைச் சுற்றுப் பின்னால் விடுவது என் பழக்கம். அப்போதுதான் வால்வு இறுகாது. ஒல்லிக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது, முட்டும்வரை முறுக்கி அப்படியே விட்டுவிடுவான். உன் அலுவலகத்துப் பழைய ஆள் யாரையும் கேட்டுப்பார்.

ஒல்லியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுது. தாய்மாமனாயிற்றே என்று தயங்காதே. அந்த வால்வை அடைக்கச் சொன்னபோது அம்மாவாயிற்றே என்று நீ தயங்கவில்லை.

ஏதாவது சேர்த்து எழுதவா என்று அக்காவைக் கேட்டேன். "என்ன செய்யணும்னு அவனுக்குத் தெரியாதா" என்றாள். அவ்வளவுதான்.

நீ நன்றாக இரு. உன் ஒன்பதாம் மாடிக் குழாயை எப்போது திறந்தாலும் தண்ணீர் வரட்டும். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனா மையைக் கழுவப் போவாய் அல்லவா, அப்போதும் நிறைய வரட்டும்.

இப்படிக்கு,
வால்வைத் திறந்த உன் தாய்மாமன்.