பழைய நன்றி செல்லாது

ஞாயிறு, 7 டிசம்பர்

விடியலிலிருந்து மழை. வாசல் வடிகால் நிரம்பி ஒரு செருப்பு மிதந்து போனது. என்னுடையதல்ல. பக்கத்து வீட்டாருடையது. அவர்கள் எதையும் எடுத்து உள்ளே வைப்பதில்லை.

என் செருப்பு காலில் ஏறவில்லை. போன வாரம் கணுக்காலில் இருந்த வீக்கம் இப்போது முழங்காலுக்குக் கிட்டே. எடை நேற்றைவிட ஒன்றரை கிலோ கூடுதல். சாப்பிட்டது இரண்டு இட்லி. ரத்த அழுத்தத்தை எழுத விருப்பமில்லை.

வியாழன் காலை 8.30, டயாலிசிஸ். முதல் தடவை. இந்த முறை டாக்டர் கேட்கவில்லை, சொன்னாள். "ஆன்ட்டி, இனிமே தள்ளிப் போட முடியாது. ரெண்டு கிட்னியும் சேர்ந்து பத்துல ஒரு பங்கு வேலதான் செய்யுது." சின்னப் பெண். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைத் தலைகீழாக நீட்டினாள். நான் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் திருப்பும்வரை காத்திருந்தேன்.

இடது கையில், இதற்காகவே மூன்று மாதத்துக்கு முன் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம். விரல் வைத்தால் உள்ளே பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு. அன்றிலிருந்து முழுக்கை ரவிக்கைதான். மகன் ரவிக்கு மட்டும் தெரியும்.

வாட்ஸ்அப் நன்றிக் குழுவில் நான் இன்று போட்டது, 7.40: "மழையில் குளித்து நிற்கும் காகிதப்பூச் செடிக்கு நன்றி."

செடியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கள், 8 டிசம்பர்

மழை. துணி எதுவும் காயவில்லை. சாம்பிராணி தீர்ந்துவிட்டது.

குழு தொடங்கி இன்றோடு நான்கு வருடமாம். கூலாய் சரோ நினைவூட்டினாள், கேக் படம் போட்டு. ஆறு பெண்கள், எல்லோரும் ஜொகூர் மாநிலக்காரர்கள், ஊர்தான் வேறு வேறு, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. நோய்தான் சேர்த்தது. சரோவுக்குச் சர்க்கரை. மெர்சிங் பாக்கியத்துக்குச் சிறுநீரகம், நான்கு வருடமாக டயாலிசிஸ். எனக்கு? 'வயது' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தினமும் காலை எட்டு மணிக்குள் ஆளுக்கு ஒரு நன்றி. அதற்குப் பிறகுதான் வலி, மாத்திரை, மருமகள் எல்லாம். அன்றைய நன்றி அன்றைக்கே உரியதாக இருக்க வேண்டும், பழையது செல்லாது. இந்தக் கடைசி விதி நான் போட்டது. கான்வென்டில் பரிசு வாங்கினால் அன்று மாலைக்குள் நன்றிக் கடிதம் எழுதியாக வேண்டும். மறுநாள் கொண்டு போனால் சிஸ்டர் வாசிக்காமலே கிழித்துப் போடுவார்.

பாக்கியம் (இனி பா.) ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எழுதமாட்டாள், குரல்தான் அனுப்புவாள். பின்னால் கோழி கத்தும். "மேடம், இன்னிக்குக் காலையிலயே காரல் மீனு கெடச்சிச்சு, கடவுளுக்கு நன்றி. எத்தன மார்க்கு போடுறீங்க?" நான்கு வருடமாகக் கேட்கிறாள். ஒருநாளும் போட்டதில்லை.

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எழுந்து பல் துலக்குகிறேன். இதை யாரிடமும் சொல்வதற்கில்லை.

மூன்று நாளாகக் குரல் இல்லை. எழுதி அனுப்புகிறாள். இன்று: "நல்லா தூங்கினேன், நன்றி." சோம்பல் வந்துவிட்டது.

செவ்வாய், 9 டிசம்பர்

மழை. காலையில் வாந்தி. வாயில் இரும்புச் சுவை.

7.31. பா.: "இன்னிக்கு நல்ல வெயில். துணியெல்லாம் காஞ்சிருச்சு. நன்றி."

நேற்று இரவுச் செய்தியில் காட்டினார்கள்: கிழக்குக் கரை முழுவதும் அடைமழை, மெர்சிங்கிலிருந்து தீவுகளுக்குப் படகு நிறுத்தம். படகுத்துறையில் சுற்றுலாக்காரர்கள் நெகிழிப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். வெயிலாம்.

எழுதினேன்: "பாக்கியம், மெர்சிங்கில் வெயில் என்பது யாரை ஏமாற்ற? இது என்றைக்கோ எழுதி வைத்த நன்றி. பழையது செல்லாது. விதியைப் பின்பற்ற முடியாவிட்டால் குழுவில் ஏன் இருக்க வேண்டும்?"

சரோ தனியாகக் கூப்பிட்டாள். "அலமாக், மேடம்! வெயிலுன்னா என்ன, மழைன்னா என்ன? விடுங்க லா. பாவம் அது."

"பாவம் புண்ணியம் இல்லை சரோ. ஒழுங்கு."

"நீங்க ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தீங்களா முன்ன?"

"இல்லை. கல்வி இலாகாவில் தலைமை கிளார்க்."

"அதான பார்த்தேன்."

சிரித்தாள். நானும் கொஞ்சம். பா.விடமிருந்து பதில் இல்லை.

என் இன்றைய நன்றி: "பசியோடு எழுந்த காலைக்கு நன்றி."

புதன், 10 டிசம்பர்

மழை விட்டது. வானம் வெளுக்கவில்லை.

ரவி சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான், மதிய இடைவேளையில். பின்னால் தட்டுச் சத்தம்.

"மா, நாளைக்கு நான் லீவு போட்டு வர்றேன்."

"வேண்டாம். நான் போகப்போவதில்லை."

"என்னம்மா பேசுறீங்க? டாக்டர் என்ன சொன்னாங்க, கேட்டீங்கதானே?"

"கேட்டேன். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்க என்னால் முடியாது. உன் அப்பா மருந்து குடிக்காமலேதான் போனார்."

"அப்பா ஆக்சிடென்ட்ல போனாரும்மா!"

வைத்துவிட்டேன். முட்டாள்தனமாகப் பேசியது நான்தான். தெரியும்.

பயம் எது என்று எழுதிப் பார்த்தேன். சாவு அல்ல. ஊசி. ரத்தம் வெளியே ஓடித் திரும்புவதைக் கண்ணால் பார்ப்பது. பாதியில் கழிப்பறை போக நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்பது. இதையெல்லாம் அந்தச் சின்ன டாக்டரிடம் கேட்க நாக்கு எழவில்லை. கேட்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். நேற்று அவளைத்தான் எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டேன்.

மாலை 4.10. பா.வுக்குத் தனியாக எழுதினேன்: "ஊசி வலிக்குமா?" அழித்தேன். மறுபடி எழுதினேன். "எனக்கு ஒரு சந்தேகம். தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன்." அழித்தேன். கடைசியில் முதலில் எழுதியதையே அனுப்பினேன். இரண்டே சொல். கையெழுத்துக்கூடப் போடவில்லை.

4.25, நீலக் குறி வந்தது. படித்துவிட்டாள். பதில் இல்லை.

கோபம் இருக்கும். இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான்.

வியாழன், 11 டிசம்பர்

8.30 ஆனது. 9.30 ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மையத்திலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். தலைவலி என்றேன். திங்கள் 8.30க்கு மாற்றியிருக்கிறாள். "திங்கக்கெழம கண்டிப்பா வாங்க ஆன்ட்டி. அதுக்கு மேல வீட்டுல இருந்தா ரொம்ப ஆபத்து."

பா. குழுவில் இன்று எதுவும் போடவில்லை. நான்கு வருடத்தில் முதல் தடவை.

நானும் போடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளி, 12 டிசம்பர்

பா. போய்விட்டாள். நேற்று விடியற்காலை.

அவள் மகள் விமலா காலை ஏழு மணிக்கு எனக்குத் தனியாகக் குரல் அனுப்பினாள். பா.வின் குரல் என்று நினைத்து அவசரமாகத் திறந்தேன். அதே மூக்கால் பேசும் குரல். கோழியும் கத்தியது.

"ஆன்ட்டி, நான் விமலா. அம்மா தவறிட்டாங்க. போன வெள்ளிக்கெழம மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். போறதுக்கு முன்ன நோட்டுல ஏழு நாளைக்கு நன்றி எழுதி வச்சிட்டுப் போனாங்க. 'நீ தெனம் காலையில ஒண்ணு போட்டுடு, விட்டுடாத, மேடம் திட்டுவாங்க'ன்னு சொன்னாங்க. ஞாயித்துக்கெழமையிலருந்து கண்ணே தொறக்கல. நான்தான் போட்டேன். பொய் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க ஆன்ட்டி."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பென்சில் எழுத்து, வரி மேலும் கீழுமாக. ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டிருக்கிறாள். நான்காவது வெயில். ஏழாவது, இன்றைக்குரியது: "ஏழு நாள் மேடத்த ஏமாத்தியாச்சு. அதுக்கும் ஒரு நன்றி."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

பிறகு இன்னொரு குரல். "நீங்க அம்மாகிட்ட ஊசி பத்திக் கேட்டிருந்தீங்க. அம்மாவா இருந்தா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். ஊசி பெருசுதான், கோணி ஊசி மாதிரி. மொத மாசம் வலிக்கும். அப்புறமும் வலிக்கும், ஆனா பழகிடும். உள்ள ரொம்பக் குளிரும், போர்வ கொண்டு போங்க. காலுக்கு சாக்ஸு. கை தளர்ந்த சட்ட போடுங்க, இல்லேன்னா சுருட்டிவிட்டா இறுக்கி ரத்தத்தப் புடிச்சுக்கும். யாருக்குன்னு கேக்கல ஆன்ட்டி."

அவளுக்கும் தெரிந்துவிட்டது.

நாளை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். சரோ கூப்பிட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மேடம், என் மகன் கார் எடுக்குறான். ரெண்டு மணி நேரம்தான். வாங்க லா, ஒரு தடவ மொகத்தப் பார்த்துட்டு வந்துரலாம்."

முடியாது என்றேன். ஏன் என்றாள். மழை என்றேன்.

"செத்தது பாக்கியம், மேடம்." மெதுவாகச் சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

செருப்பு ஏறவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருக்கலாம்.

சனி, 13 டிசம்பர்

தூறல். பால் திரிந்துவிட்டது. கொட்டினேன்.

ஏழு மணிக்கே ஃபோனைக் கையில் எடுத்தேன். குழுவில் நால்வரும் ஒவ்வொருவராக நன்றி போட்டார்கள், பா.வுக்கு. அவள் சிரிப்புக்கு, அவள் சொல்லித்தந்த மீன் குழம்புக்கு, ஆபரேஷன் முடிந்த அன்று ஒருத்தியோடு விடியவிடியப் பேசிக்கொண்டிருந்ததற்கு. இது எனக்குத் தெரியாது. என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. நான் இடம் கொடுத்ததில்லை.

7.56க்கு அனுப்பினேன்: "எனக்குச் சிறுநீரகம் போய்விட்டது. மூன்று மாதமாக மறைத்தேன். நான் போட்ட நன்றிகள் பெரும்பாலும் பொய். பாக்கியத்தை நான் திட்டியபோது அவள் நினைவிழந்து கிடந்தாள். இன்று நன்றி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை."

விதிப்படி இது செல்லாது. அழிக்கவில்லை.

சரோ அழைத்தாள். காருக்குள்ளிருந்து அழைத்திருப்பாள், இந்நேரம் மெர்சிங் பாதையில். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது, என் இடது கையைப் போல.

திங்கள் 8.30. போவேனா, தெரியவில்லை. பச்சைப் போர்வை எடுத்து வைத்தாயிற்று. அவருடைய காலுறை ஒரு ஜோடி கிடைத்தது.

கை தளர்ந்தது ஒன்றும் இல்லை. அலமாரி முழுவதும் தேடினேன். முழுக்கை, பழைய அரைக்கை, எல்லாம் இறுக்கம்.

பத்து மணி. இப்போது எடுத்திருப்பார்கள்.

வெள்ளை ரவிக்கையின் இடது கையைக் கத்தரிக்கோலால் தோள்வரை வெட்டினேன். கோணலாகப் போய்விட்டது.