அமீர்பேட்டில் நின்ற வண்டி

மேற்கு மாரேட்பள்ளி,
செகந்திராபாத்.
புதன்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் சாஹித்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சகல நலமும் உனக்கு உண்டாகட்டும். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். பாதி நலம் என்று வைத்துக்கொள். போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, கீழே வரும். எதிர்வீட்டு சௌம்யா நாளைக்கு டப்ளின் கிளம்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மெதுவாகவே படி. கோபம் ஆறுவதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வண்டி உன் பெயரில் இருப்பதால் அது எங்கே நிற்கிறது என்று உன் போனில் தெரிகிறதாம். கச்சிபௌலி ஆபீஸில் இருக்க வேண்டிய மாப்பிள்ளையுடைய வண்டி, வாரத்தில் பாதி நாள் அமீர்பேட்டில் லேடீஸ் ஹாஸ்டல் வாசல்களில் நிற்கிறதாம். கேட்டால் சிநேகிதனைப் பார்க்கப் போனேன் என்று மழுப்புகிறாராம். இந்த மாதக் கடைசிக்குள் அவரை மாடி போர்ஷனைக் காலி செய்துகொண்டு போகச் சொல், மிச்சத்தை வக்கீலிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாய். விசாரித்துப் பார்க்கலாம் என்று நான் வாயைத் திறந்ததற்கு, நக்கோ மம்மி, ஒன்றும் வேண்டாம் என்று வெட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். மாப்பிள்ளைக்கு அன்று சாயங்காலம் நான் காபிகூடக் கொடுக்கவில்லை.

இந்தக் கரண்ட் வண்டி வந்த நாளிலிருந்தே எனக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. அவர் நாமக்கல்லிலிருந்து கொண்டுவந்த பெட்ரோல் வண்டி தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குத் தெரியும். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவேன். புகை, எண்ணெய் ஒழுகல், ஓயாமல் மெக்கானிக் கடை என்று அதிலும் தொல்லைகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதை விற்கச் சொல்லிவிட்டு நீ இதை வாங்கிக் கொடுத்தாய். ஒழுகல் நின்றது, வாசல் கோலம் கோலமாக இருக்கிறது, அதற்கு உனக்குப் புண்ணியம். ஆனால் இது பூனை மாதிரி வருகிறது, பூனை மாதிரி போகிறது. மனிதர் வந்துவிட்டாரா என்று ஜன்னலை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் வண்டி எங்கேயோ ஒரு பங்க்கில் குடித்துவிட்டு வரும், நமக்குத் தெரியாது. இது நம் வீட்டு பிளக்கில், என் கண்ணெதிரே குடிக்கிறது. கச்சிபௌலி போய்த் திரும்ப ஒரு சார்ஜ் தாராளம் என்று நீதானே சொன்னாய்? ஆடி மாதத்திலிருந்து இரவில் ஒரு தடவை, மத்தியானத்தில் ஒரு தடவை சொருக வேண்டியிருக்கிறது. மத்தியானம் வீட்டில் என்ன வேலை என்றால், வொர்க் ஃப்ரம் ஹோம் அத்தை என்பார். அப்புறம் வண்டியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். உன் அப்பாவிடம் சொன்னேன். ஹவ் ஹவ், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

இனி நேற்று நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே. மத்தியானம் மாப்பிள்ளை கீழே வண்டியைச் சொருகிவிட்டு மாடியில் படுத்திருக்கிறார். நான் கோயிலுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருக்கிறது. பாத்திரம் தேய்க்கிற யாதம்மா, பாவம், நல்ல எண்ணத்தில்தான் மாடிப்படியில் நின்று தெலுங்கில் குரல் கொடுத்திருக்கிறாள்: சாரு, சார்ஜிங்கு ஆகிபோயிந்தி. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நின்றுபோய்விட்டது என்கிறாள். நாமக்கல் காதில் அது எப்படி விழும்? ஆகிப்போச்சு என்று விழுந்திருக்கிறது. முழுசாக ஏறிவிட்டதென்று நினைத்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் அவருடைய தெலுங்கு பால்காரர் வரைக்கும்தான். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வண்டியிலாவது பார்த்திருக்கலாம். பழைய வண்டியில் பெட்ரோல் அளவு காட்டும் முள் செத்துப் பல காலம். டேங்கை ஆட்டிப் பார்த்தே ஓட்டிய பழக்கம்.

பேகம்பேட் ஃப்ளைஓவர் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் வண்டியானால் ரிசர்வில் போட்டு அடுத்த பங்க்குக்காவது போய்ச் சேர்ந்திருக்கலாம். பின்னால் வந்த ஆட்டோ இடித்துத் தள்ளிவிட்டது. அவர் போனிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் பேசினார், தாமாத் கிர்கயே அம்மா, டரோ நக்கோ என்று. மாப்பிள்ளை விழுந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் பயப்படாதே என்றால் யாரால் முடியும்? அப்பா பேங்குக்குப் போயிருந்தார். கட்டியிருந்த புடவையோடு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

முழங்கை கிழிந்து ரத்தம் சொட்டுகிறது. அதைத் துடைக்கக்கூடச் செய்யாமல் அவர் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். சாரி மேடம், சாப்பாடு கொட்டிவிட்டது, கம்ப்ளெயின்ட் மட்டும் போடாதீர்கள் மேடம் என்று. பிரியாணி ஆர்டர் கொடுத்த ஹாஸ்டல் பெண்ணாம். வண்டி பக்கத்தில், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சதுரப் பை. என்னைப் பார்த்ததும் அந்தப் பையைக் காலால் பின்பக்கம் தள்ளினார், சாஹித்யா. என்னால் தாங்க முடியவில்லை. நடு ரோடு என்றும் பாராமல் அழுதேன்.

நீ பார்த்த ஹாஸ்டல் வாசல் சமாசாரம் இதுதான். ஆடியில் ஆபீஸில் ஆட்களைக் குறைத்தார்களாம், அவருடைய டீமே போய்விட்டதாம். கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் இன்டர்வியூவுக்குப் போகிறார். மற்ற நேரத்தில் இந்த வேலை. பெட்ரோல் வண்டியானால் சம்பாதிப்பதைப் பங்க்கிலேயே கொட்டிவிட்டு வர வேண்டும், சாஹித்யா வாங்கிக் கொடுத்த வண்டிதான் காப்பாற்றுகிறது அத்தை என்றார். காட்டிக் கொடுத்ததும் அதுதான் என்று நான் சொல்லவில்லை.

கட்டியவளிடம் சொல்ல என்ன கேடு என்று, கட்டுப் போடக் கூட்டிப்போன ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சந்தேகப்பட்டால் அவள் கோபப்படுவாள், கோபத்தோடு அங்கேயே வேலை பார்ப்பாள். எனக்கு வேலை போனது தெரிந்தால் மறுநாளே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து நிற்பாள், எவ்வளவு காத்திருந்து கிடைத்த வேலை அத்தை, கோபம் பரவாயில்லை என்றார். இப்படியும் ஒரு அசடு உலகத்தில் உண்டா? போனில் அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். போனில் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். கடுதாசியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

கையில் கட்டோடு இன்றைக்கும் போய்விட்டார். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வருகிறது. இதை எழுதுவதற்குள் எத்தனை தடவை ஜன்னலுக்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். உன் போன் வண்டி நின்ற இடத்தைச் சொல்லிற்று, அவ்வளவுதான். அவரைப் போகச் சொல் என்றாயே, அது என் வாயால் வராது. நீயும் இனி அந்த வக்கீல் பேச்சை எடுக்காதே. இதைப் படித்த கையோடு டிக்கெட்டும் போட்டுவிடாதே. உன் முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஏக்கம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், இப்போது வராதே. நீ வந்து நின்றால் அவர் வாங்கிய கெட்ட பெயரெல்லாம் வீணாகிவிடும்.

அம்மா எழுதிவிட்டாள், எனக்கு எல்லாம் தெரியும் என்று ஆரம்பிக்காதே. கை எப்படி இருக்கிறது என்றும் கேட்டுவிடாதே, உனக்குத்தான் ஒன்றும் தெரியாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. சாப்பிட்டீர்களா என்று கேள். கல்யாணமான புதிதில் கேட்பாயே, அந்தக் குரலில் கேள். இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம், அவரே சொல்லுவார். சொல்லும்போது, முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொள்.

நீங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

உன் அம்மா,
நீலா