என் புகையன் இருமினான்

செவ்வாய் இரவு, எண்ணூர்

நானும் ராயபுரம் சலீமும் சேர்ந்து போடும் காமிக்ஸின் கடைசிப் பக்கங்களைச் சாயங்காலம் அவன் அனுப்பியிருந்தான். அவனுடைய ஹீரோ அலைக்காரனும் என்னுடைய முகமூடி ஹீரோ புகையனும் முதல்முறையாக ஒரே கதையில் வருகிறார்கள். புகையனை எந்தப் புகையும் ஒன்றும் செய்யாது. இத்தனை வருடமாக அப்படித்தான் வரைகிறேன். சலீம் வரைந்த பக்கத்தில் புகையன் இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து இருமுகிறான்.

கோபம் தலைக்கேறியது. போன் போட்டேன்.

"இன்னா மாமு, என் ஆளை நோயாளி ஆக்கி வெச்சிக்கீற? படிக்கிறவன் காறித் துப்புவான்."

சலீம் பதிலுக்குக் கேட்டான்.

"முகமூடிக்குள்ள நீதான கீற? உன்னப் பாத்துதான் வரைஞ்சேன். போன வாரம் என் வூட்டு மாடிப்படில அப்டிதான் நின்னுகினு இருந்த. டாக்டராண்ட போனியா, இல்லியா?"

போனேன் என்று பொய் சொன்னேன். நான் வேலை செய்கிற நிலக்கரி யார்டில் யாருக்குத்தான் இருமல் இல்லை? ஆனால் முன்பு காலையில் மட்டும்தான் வரும். இப்போது சிவப்புக் கறை படிந்த கைக்குட்டையை மனைவி பார்ப்பதற்குள் நானே துவைத்துவிடுகிறேன். டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

புகையனை நிமிர்ந்து நிற்கிற மாதிரி மாற்றி வரையலாம் என்று உட்கார்ந்தேன். நாலு கோடு போடுவதற்குள் இருமல் வந்துவிட்டது. தூங்குகிறவள் எழுந்துவிடக் கூடாதே என்று எழுந்துபோய், வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். அடங்கிய பிறகுதான் பார்த்தேன். என் இடது கை சுவரைப் பிடித்திருந்தது.